வரிசையில் நின்ற அம்மா

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. சொந்த ஊர் வேலூர். குடும்பம் அங்கே, நான் இங்கே ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. மலையாளம் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. நாலு வருஷமாக என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவரே, என்னை ஊருக்கு அனுப்பும். டிரான்ஸ்பர் லிஸ்ட்டில் பெயர் வந்தால் அது தேவனுடைய அழைப்பு, வராவிட்டால் சோதனை. பி.காம். படித்தவன் இல்லையா, எதையும் வரவு, பற்று என்று இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுவேன் :-)

நான் மட்டுமா? நம் சபைகளில் "அழைப்பு" என்ற வார்த்தை படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வளைகுடாவில் வேலை கிடைத்தால் கர்த்தர் அழைத்தார். பெரிய பதவி வந்தால் கர்த்தர் அழைத்தார். சம்பளம் குறைந்த இடத்துக்கு, யாரும் போக விரும்பாத ஊருக்குக் கர்த்தர் அழைத்தார் என்று சாட்சி சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கு நம் விருப்பங்கள் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது போலும்!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சாலை பஜாரில் பூ விற்கும் ஓர் அம்மா. கணவர் இறந்துவிட்டார். அவர் சேமிப்புக் கணக்கில் இருந்தது இருபத்துமூவாயிரம் சொச்சம். நாமினி பதிவு செய்யவில்லை. முதல் முறை வந்தபோது இறப்புச் சான்றிதழ் கேட்டேன். இரண்டாம் முறை அதைக் கொண்டுவந்தார், வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். மூன்றாம் முறை வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். தாலுகா ஆபீசில் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்களாம். நான் கம்ப்யூட்டரில் அன்றைக்கு வந்திருந்த டிரான்ஸ்பர் லிஸ்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதும்மா" என்றேன்.

"நீங்க தமிழா சாரே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், நான் சொன்னது முழு உண்மை இல்லை. சிறிய தொகை என்றால் வாரிசுகளிடம் இண்டெம்னிட்டி பாண்ட் வாங்கிக்கொண்டு, அந்தச் சான்றிதழ் இல்லாமலே பணத்தைக் கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் விசாரித்து, குறிப்பு எழுதி, ஓர் அதிகாரி பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகக் காரக்கோணம் வழியாகப் போனேன். அங்கே சி.எஸ்.ஐ. தென்கேரளப் பேராயம் 2002-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போர்டில் டாக்டர் சாமர்வெல் பெயர். வேலூர்க்காரனான எனக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். பிற்காலத்தில் எங்கள் சி.எம்.சி.யில் கற்பித்தவர். ஆனால் அவர் இந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தார் என்பது அன்றைக்குத்தான் மனதில் உறைத்தது.

ஹோவர்டு சாமர்வெல் இங்கிலாந்தில் பிறந்த அறுவை சிகிச்சை நிபுணர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் நீண்ட வரிசை, அத்தனை பேருக்கும் ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே திரும்பி வந்தார். இடையில் 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி வரை ஏறினார். சிகரம் கிடைக்கவில்லை. நெய்யூரில் மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார்.

அவர் வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு வரிசையைப் பார்த்தார். அந்த வரிசைக்குத் தேவையானது தன் கையில் இருப்பதைப் பார்த்தார்.

எங்கள் ஊர் ஐடா ஸ்கடர் கதையும் இதேதான். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளுக்கும் பிரசவச் சிக்கல். ஆண் டாக்டரான அப்பாவை மூவரும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண் அமெரிக்கா போய், 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருஷம் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். சாமர்வெல் கையில் கத்தி இருந்தது. ஐடா அதைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். என் கையில் பேனா இருந்தது. நான் மூடிவைத்துவிட்டேன்.

சிறுவன் சாமுவேல் கதை ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரியும். ஆண்டவர் கூப்பிட்டதை ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று முறை ஓடினான். அவனுக்கு ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினான். எனக்கு மூன்று முறையும் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை.

உலகத்தில் உள்ள தேவையெல்லாம் என் தலையில்தானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாம் நம்முடையது அல்ல. அப்படி நினைத்தால் ஆறு மாதத்தில் படுத்துவிடுவோம். நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் மூன்றே கேள்விகள்தான். இதைச் செய்ய என் கையில் ஏதாவது இருக்கிறதா? நான் செய்யாவிட்டால் இந்த இடத்தில் வேறு யார் செய்வார்கள்? நான் தயங்குவது முடியாததாலா, சிரமம் என்பதாலா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி தெரிந்துவிடும்.

இதற்கு வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊழியத்துக்குப் போக வேண்டியதில்லை. போகிறவர்கள் போகட்டும், அதுவும் அழைப்புதான். ஆனால் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அழைப்பு கவுண்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வரும்.

திங்கட்கிழமை காலை ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். விசாரித்தேன், குறிப்பு எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே பணம் கிடைத்துவிட்டது. அவர் என்னைப் பெரிதாகப் புகழவும் இல்லை. "இது முதல்லயே முடியாதா சாரே?" என்று கேட்டார். மூன்று நாள் பூ வியாபாரம் போனது அவருக்கல்லவா தெரியும்? "என் தப்புதாம்மா" என்றேன்.

லிஸ்ட்டில் இந்த முறையும் என் பெயர் இல்லை. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஜெபத்தை நான் நிறுத்தவும் இல்லை. ஆனால் கவுண்ட்டரில் யாராவது வந்து நின்றால் இப்போதெல்லாம் முதலில் தலையை நிமிர்த்துகிறேன்.