கைகுலுக்காமலே ஓர் உடன்பாடு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புனித வெள்ளி நெருங்கியிருக்கும். 1998-ல் அந்த நாள் ஏப்ரல் 10-ஆம் தேதி வந்தது. அன்று மாலை பெல்ஃபாஸ்டின் ஸ்டோர்மான்ட் வளாகத்திலிருந்து, வட அயர்லாந்தில் உடன்பாடு எட்டப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. முப்பது வருடத்தில் ஏறக்குறைய 3,500 உயிர்களைக் குடித்த சண்டைக்கு முடிவுகட்ட வந்த உடன்பாடு அது. பிரிட்டனோடு இருப்போம் என்ற யூனியனிஸ்டுகள் ஒரு பக்கம். இவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்ற தேசியவாதிகள் மறுபக்கம். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள்.

அந்த உடன்பாட்டில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்றுதான். அதைச் செய்துமுடித்தவர்களில் பலர் ஒருவரோடொருவர் பேசவே இல்லை! யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் ட்ரிம்பிளும் தேசியவாதிகள் பக்கத்துக் கட்சியான சின் ஃபெயினின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸும் தனியாக நேருக்கு நேர் சந்தித்தது ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில்தான். அதுவரை ஒரே அறையில் இருந்தாலும், சொல்ல வேண்டியதைத் தலைமை நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார்கள். கோபித்துக்கொண்ட அண்ணன் வீட்டுப் பிள்ளையிடம், "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்பாரே, அப்படி.

அந்த நாற்காலியில் இருந்தவர் அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல். 1996 ஜூனில் தொடங்கிய பேச்சில், எதைப் பேசுவது, எந்த விதிப்படி பேசுவது என்பதற்கே மாதங்கள் ஓடின. மனிதர் அசரவில்லை. நடுவே 1997 அக்டோபரில் அவருக்கு மகன் பிறந்தான். அதே நாளில் வட அயர்லாந்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று விசாரிக்கச் சொன்னார். 61 என்று பதில் வந்தது. தன் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் வாழ்க்கை அந்த 61 பேருக்கும் கிடைக்க வேண்டாமா என்ற எண்ணம்தான் அவரை மறுபடி மறுபடி அந்த மேசைக்கு இழுத்துவந்தது. கடைசியில் ஏப்ரல் 9 நள்ளிரவு என்று கெடு வைத்தார். அந்த வாரம் அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்னின் தாய் இறந்திருந்தார். காலையில் பெல்ஃபாஸ்டில் பேச்சு, நண்பகலில் டப்ளினில் தாயின் அடக்கம், அன்றே மறுபடி பெல்ஃபாஸ்ட் என்று அவர் பறந்துகொண்டிருந்தார்.

பெண்களைச் சொல்லாமல் விட முடியாது. பேச்சுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த 1996 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான் இரு சமூகத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார்கள். கிடைத்தது ஒரு சதவீத ஓட்டு. ஆனாலும் மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சேகரும் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் பேச எழுந்தால் மாடு போலக் கத்திக் கேலி செய்த ஆண்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களின் உரிமையும், இரு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளும் உடன்பாட்டில் இடம்பெற்றதில் இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கத்தியவர்கள் எதை எழுதிவைத்தார்கள் என்று தெரியவில்லை.

பேச்சு முடியும் தறுவாயிலும் கொலைகள் நிற்கவில்லை. மார்ச் மாதம் பாய்ன்ட்ஸ்பாஸ் என்ற சிற்றூரின் மதுக்கடையில் இரண்டு நண்பர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டண்ட். தேசியவாதிகள் தரப்பில் ஷேமஸ் மேலனும் யூனியனிஸ்டுகள் தரப்பில் ட்ரிம்பிளும் அந்த ஊருக்குச் சேர்ந்தே போனார்கள். அறைக்குள் நடந்த எத்தனையோ பேச்சைவிட இது பெரிது என்பேன்.

உடன்பாட்டில் தொண்டைக்குள் இறங்காத ஒன்றும் உண்டு. ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த கைதிகள் இரண்டு வருடத்துக்குள் விடுதலையானார்கள். மகனைக் கொன்றவன் தெருவில் நடந்துபோவதைப் பார்த்த தாய்மார்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இல்லாமல் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்காது என்பதும் உண்மை.

மே 22-ல் உடன்பாடு சரிதானா என்று மக்களிடம் வாக்கெடுப்பில் கேட்டார்கள். வடக்கில் 71 சதவீதம், தெற்கே அயர்லாந்துக் குடியரசில் 94 சதவீதம் பேர் சரி என்றார்கள். உடன்பாட்டை எதிர்த்த குழு ஆகஸ்டில் ஓமா நகரில் வைத்த குண்டு 29 பேரைக் கொன்றது. அப்போதும் உடன்பாடு உடையவில்லை. தேசியவாதிகள் பக்கத்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை முழுதாகக் கைவிட 2005 ஆனது. பேச்சு நடந்த காலத்தில் சின் ஃபெயினுக்குக் கதவு திறந்ததும் வெளியேறியது இயன் பெய்ஸ்லியின் யூனியனிஸ்ட் கட்சி. அதே பெய்ஸ்லி 2007-ல் முதலமைச்சரானார். துணை முதலமைச்சர், ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ். இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை அந்த ஊர்ப் பத்திரிகைகளே கிண்டல் செய்தன.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் அரசு பலமுறை முடங்கியது. பெல்ஃபாஸ்டில் இரு சமூகத்தையும் பிரிக்கும் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் தனித்தனிப் பள்ளிக்கே போகிறார்கள்.

அயர்லாந்தில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சுவர்களுக்கு இருபுறமும் அன்றாட வாழ்க்கை இன்று எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள். கட்டாயம் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்