கோச்சிங் ரூம்ல ரெண்டு வருஷம் உட்கார்ந்தா தகுதி… ஆம்புலன்ஸ்ல அஞ்சு வருஷம் ஓடினா பூஜ்ஜியமா?

சொந்தங்களே, பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.

"நல்லா படிச்சா நீட் பாஸ் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே, தகுதி இல்லாதவன் எதுக்கு டாக்டர் ஆகணும்?" இந்த ஃபார்வர்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திருக்கும். அனுப்பின மாமாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. தகுதின்னா என்ன மாமா?

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல காலைல ஆறரை மணிக்கு நின்னு பாருங்க. பிளஸ் டூ முடிச்ச ரெண்டு வகை பிள்ளைங்க தெரிவாங்க. ஒரு பிள்ளை முதுகுல புத்தக மூட்டையோட சென்னைக்குப் போகுது. லாங் டெர்ம் கோச்சிங். அப்பா லோன் போட்டு லட்சக் கணக்குல பீஸ் கட்டியிருக்கார். இன்னொரு பிள்ளை கழுத்துல டிரெய்னி ஐடி கார்டு. காக்களூர் எஸ்டேட்டுக்கோ, கம்பெனி பஸ் புடிச்சு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஷிப்டுக்குப் போகுது. ரெண்டு பேரும் உயிரியல் குரூப். ரெண்டு பேருக்கும் டாக்டர் ஆசை. ஒரு வருஷம் கழிச்சு முதல் பிள்ளையோட வருஷத்துக்கு மார்க் இருக்கும். ரெண்டாவது பிள்ளையோட வருஷத்துக்கு? ஒண்ணும் இல்ல.

அந்த ரெண்டாவது பிள்ளை அந்த வருஷம் என்னத்தைப் பாத்திருக்கும்னு யோசிங்க. பவர் பிரஸ்ல விரல் போனவனோட கையைத் துணியால இறுக்கிப் புடிச்சிருக்கும். மயங்கி விழுந்த அக்காவை ஓரமா தூக்கிட்டுப் போய் தண்ணி கொடுத்திருக்கும். ஈ.எஸ்.ஐ.ல டோக்கன் போட்டு மணிக்கணக்கா நின்னிருக்கும். தொழிற்சாலைகள் சட்டம் 1948, ஒவ்வொரு 150 தொழிலாளிக்கும் ஒரு முதலுதவிப் பெட்டி வைக்கணும், பயிற்சி எடுத்த ஒருத்தர் அதுக்குப் பொறுப்பா இருக்கணும்னு சொல்லுச்சு. எத்தனை கம்பெனில அந்தப் பெட்டிக்குள்ள காலாவதியான டிஞ்சர் மட்டும் இருக்குங்கறது தனிப் பதிவுக்கான மேட்டர். வலி எப்படி இருக்கும், ஏழைக்கு வலி வந்தா என்ன ஆகும்னு அந்தப் பிள்ளைக்கு நல்லாவே தெரியும். ஆனா அதுக்கு நாலு ஆப்ஷன் கிடையாதே. ஓ.எம்.ஆர். ஷீட்ல கருப்பு வட்டம் போட முடியாதே.

இப்போ கணக்குக்கு வருவோம். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021 ஜூலைல அறிக்கை கொடுத்தது. நீட் வர்றதுக்கு முன்னாடி 2016-17ல தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கைல ரிப்பீட்டர்ஸ் பங்கு 12.47 சதவீதம். 2020-21ல 71.42 சதவீதம். பத்துல ஏழு பேர் ஒரு வருஷமாவது வீட்ல, கோச்சிங்ல உட்கார்ந்து வந்தவங்க. உட்கார்ந்தவங்க மேல நமக்கு எந்தக் கோபமும் இல்ல, அவங்களும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான். கேள்வி வேற. ஒரு வருஷம் வேலைக்குப் போகாம, தம்பி தங்கச்சி படிப்பைப் பத்திக் கவலைப்படாம உட்கார யாரால முடியும்? உட்கார வைக்க யார் வீட்ல காசு இருக்கு? நீட் அளக்கறது அதைத்தான்.

சரி, அந்தத் தகுதியோட உயரம் எவ்ளோ? 2025 நீட்ல பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. நூத்துக்கு இருபது. அதைத் தாண்டிட்டு, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல கேட்ட பீஸைக் கட்ட முடிஞ்சா சீட்டு வர வாய்ப்பு இருக்கு. மேற்படிப்பு கதை இன்னும் பிரமாதம். 2023 செப்டம்பர்ல பி.ஜி. நீட் கட்-ஆஃபை பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கினாங்க. சீட்டு காலியா கிடந்தா தகுதி தானா குனிஞ்சு கொடுக்கும். ஆனா 2017ல பிளஸ் டூல 1200-க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவுக்கு மட்டும் அது ஒரு இன்ச் கூட வளையல.

சிலர் சொல்வாங்க, "தம்பி, ஒரு பரீட்சை வெக்காம வேற எப்படி டாக்டரைத் தேர்ந்தெடுப்ப? சாத்தியமே இல்ல." சாத்தியம் இங்கேயே, நம்ம வேலூர்ல இருந்துச்சு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, நம்ம ஆளுங்க வாய்ல சி.எம்.சி. ஐடா ஸ்கடர் 1918ல பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பிச்ச இடம். அவங்களும் எழுத்துத் தேர்வு வெச்சாங்க. ஆனா அதோட விடல. தேர்வுல வந்தவங்களை வேலூருக்குக் கூப்பிட்டு, குழுவா சேர்ந்து வேலை செய்ய வெச்சு, பேசி, இந்தப் பிள்ளை நோயாளிகிட்ட எப்படி நடந்துக்கும்னு பாத்து எடுத்தாங்க. படிச்சு முடிச்சவங்க தேவை இருக்குற ஊர் ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேலை பாக்கணும்னு கண்டிஷனும் போட்டாங்க. இந்தியாவோட எந்த மூலைக்குப் போனாலும் மிஷன் ஆஸ்பத்திரில ஒரு சி.எம்.சி. டாக்டர் இருப்பார்னு பெரியவங்க சொல்றது அதனாலதான். அந்த முறைல குறையே இல்லன்னு நான் சொல்லல, கிறிஸ்தவ சபைகளோட பரிந்துரைக்கு அதுல பெரிய இடம் இருந்துச்சு. அதை விமர்சிக்கலாம். ஆனா மனுஷனைப் பாத்து எடுக்க முடியும்னு ஒரு நிறுவனம் பல பத்து வருஷம் செஞ்சே காட்டியிருக்கு.

என்ன ஆச்சு தெரியுமா? 2017ல நீட்டை ஏத்துக்க மாட்டோம்னு சி.எம்.சி. நின்னுச்சு. 100 எம்.பி.பி.எஸ். இடம் இருக்குற கல்லூரி அந்த வருஷம் ஒரே ஒருத்தரைத்தான் சேர்த்துச்சு. 2020 ஏப்ரல் 29ல உச்ச நீதிமன்றம் அந்த வழக்குல தீர்ப்பு சொல்லிடுச்சு. நீட் எல்லாருக்கும் பொருந்தும், சிறுபான்மை நிறுவனத்துக்கும்தான்.

அதே 2020, ஆகஸ்ட் 31. அதே உச்ச நீதிமன்றம். ஏப்ரல் தீர்ப்பு கொடுத்த அமர்வுக்குத் தலைமை வகிச்ச அதே நீதிபதி அருண் மிஸ்ராதான் இந்த அஞ்சு நீதிபதி அமர்வுக்கும் தலைமை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் போட்ட வழக்கு. அரசு ஆஸ்பத்திரில, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்குற டாக்டருக்கு மேற்படிப்புல தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு. நம்ம மாநிலம் ரொம்ப காலமா மேற்படிப்பு இடங்கள்ல பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கி வந்துச்சு. 2017ல மத்திய விதியைக் காட்டி அதைப் பறிச்சாங்க. போராடி, வழக்கு நடத்தி, வாங்கினோம். அந்த மத்திய விதியிலயே, எட்டாத ஊர்ல வேலை பாத்த டாக்டருக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் வீதம், 30 சதவீதம் வரைக்கும் ஊக்க மதிப்பெண் உண்டு.

இதை நிறுத்திப் படிங்க. எம்.பி.பி.எஸ். முடிச்சவர் கிராமத்துல மூணு வருஷம் ஊசி போட்டா அது தகுதி. அதுக்கு மார்க் உண்டு, இடம் உண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. எம்.பி.பி.எஸ். சேர ஆசைப்படுற ஒரு நர்ஸ் அக்கா அதே கிராமத்துல, அதே சுகாதார நிலையத்துல, அதே மூணு வருஷம் ஊசி போட்டிருந்தா? பூஜ்ஜியம். ரெண்டு பேரும் பாத்தது அதே நோயாளிதானே?

நர்ஸ் மட்டும் இல்ல. 2008ல இருந்து ஓடுற 108ல மருத்துவ உதவியாளரா இருக்குறவங்களை நினைச்சுப் பாருங்க. ஓடுற வண்டியிலயே பிரசவம் பாத்தாங்கன்னு பேப்பர்ல படிச்சு லைக் போட்டிருப்பீங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போய் பிரஷர், சுகர் பாக்குற பெண் தன்னார்வலர்கள். கவர்மென்ட் ஸ்கூல்ல தொழிற்கல்வி நர்சிங் குரூப் எடுத்து, பதினாறு வயசுலயே ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போற பொண்ணுங்க. இவங்க கதைதான் கொடுமை. இயற்பியல், வேதியியல் பாடம் இல்லங்கறதால விண்ணப்பம் கூடப் போட முடியாது. நீட்டுக்கு வயசு உச்சவரம்பை 2022லயே எடுத்துட்டாங்க. 28 வயசு லேப் டெக்னீஷியன் தாராளமா பரீட்சை எழுதலாம். ஆனா பத்து வருஷ அனுபவத்தை வாசல்ல கழட்டி வெச்சுட்டு, நேத்து கோச்சிங் முடிச்ச பையனோட 180 நிமிஷத்துல 180 கேள்விக்குப் போட்டி போடணும்.

வெளிநாட்டைக் காட்டினாத்தான் மாமாவுக்குப் புரியும்னா, ஜெர்மனிக்குப் போவோம். நம்ம ஊர் நர்சிங் படிச்ச பிள்ளைங்க ஜெர்மன் மொழி கத்துக்கிட்டு வேலைக்குப் போறாங்களே, அதே ஜெர்மனி. அங்கயும் மெடிக்கல் சீட்டுக்கு அடிதடிதான். 2017 டிசம்பர் 19ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவா சொல்லிச்சு, பல்கலைக்கழகங்கள் பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வெச்சு மருத்துவ மாணவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வேற அளவுகோலும் வேணும்னு. 2020ல இருந்து புது முறை. பத்து சதவீத இடத்துக்குப் பள்ளி மதிப்பெண்ணே பாக்கறதில்ல. நர்சிங், ஆம்புலன்ஸ் பயிற்சி முடிச்சது, ஒரு வருஷம் தன்னார்வ சேவை செஞ்சது, இதுக்கெல்லாம் பல பல்கலைக்கழகங்கள் புள்ளி கொடுக்குது. மெடிக்கல் படிக்கிற எல்லாருமே முதல் அரசுத் தேர்வுக்கு முன்னாடி மூணு மாசம் நர்சிங் வேலை பாத்தே ஆகணும். பெட்ஷீட் மாத்தணும், பாட்டிக்குச் சாப்பாடு ஊட்டணும். 2017 செப்டம்பர் 1 அனிதா செத்த நாள். அதுக்கப்புறம் நாலு மாசம்கூட ஆகல, இன்னொரு நாட்டு நீதிமன்றம் இப்படிச் சொல்லுது. படிக்கும்போது வயிறு எரியுது.

இப்போ எதிர்க்கேள்வி. நியாயமானது, தட்டிவிட முடியாது. "அனுபவத்துக்கு மார்க்குன்னா டாக்டர் பசங்கதான் அப்பா கிளினிக்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வருவாங்க. எம்.எல்.ஏ. லெட்டர்பேடு பறக்கும்." சரிதான், பறக்கும். இங்கிலாந்துலயும் இந்தப் பிரச்னை இருந்துச்சு, டாக்டர் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்க சிபாரிசு இருக்குறவனுக்குத்தான் வாய்ப்பு. அங்க மருத்துவக் கல்லூரிகளோட கூட்டமைப்பு என்ன சொல்லுதுன்னா, ஆஸ்பத்திரி வேலையாதான் இருக்கணும்னு அவசியம் இல்ல, முதியோர் இல்லத்துல சம்பளத்துக்கு வேலை பாத்ததும் கணக்குதான், மனுஷங்களைக் கவனிச்சுக்கிட்டு என்ன கத்துக்கிட்டன்னு சொல்லு போதும். நம்ம ஊருக்கு அதைவிட இறுக்கமாவே போடலாம். தனியார் சர்டிபிகேட் எதுவும் செல்லாது. அரசு சம்பளப் பதிவேடு, 108 பணிப் பதிவு, சுகாதாரத் துறை தன்னார்வலர் பதிவு, இது மட்டும்தான் கணக்கு. நான் இன்ஜினியரிங் படிச்சவன், டேட்டா எங்க இருக்குன்னு தேடறதுதான் என் வேலை. இந்த டேட்டா ஏற்கனவே அரசு சர்வர்ல இருக்கு, புதுசா யாரும் தயாரிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய பிளஸ் டூ கட்-ஆஃப் முறையிலயும் தொண்டுக்கு மார்க் கிடையாதுதான். மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த முறை பிள்ளைங்களை ஸ்கூலுக்கு வெளிய ரெண்டு வருஷம் அடைச்சு வைக்கல.

அப்போ என்ன செய்யணும்? நீட் போகணும், அதுல நம்ம கட்சிக்கு ரெண்டு கருத்து கிடையாது. 2021 செப்டம்பர்ல சட்டமன்றம் மசோதா நிறைவேத்துச்சு, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8ல மறுபடி நிறைவேத்துச்சு, கடைசில குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதா 2025 ஏப்ரல் 4ல சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. அந்தச் சண்டை தொடரும். ஆனா சண்டை முடியற வரைக்கும் நர்ஸ் அக்காவுக்கு வயசு நிக்காது.

நீட் இருக்கும்போதே மாநிலத்தால ஒண்ணு செய்ய முடியும்னு 7.5 சதவீதம் நிரூபிச்சிருக்கு. அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கான அந்தச் சட்டத்துக்கு 2020 அக்டோபர் 30ல ஆளுநர் ஒப்புதல் கிடைச்சது, 2022 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு. தரவரிசை நீட்டோடதா இருந்தாலும், மாநில இடங்களை யாருக்கு ஒதுக்கணும்கறது மாநிலத்தோட கைல. அதே வழில, மூணு வருஷம் அரசு மருத்துவச் சேவைல இருந்தவங்களுக்கு ஒரு சின்ன உள் ஒதுக்கீடு. ஒரு சதவீதத்துல ஆரம்பிச்சாலும் போதும். நர்ஸ், 108, லேப், சுகாதாரத் தன்னார்வலர். சேர்றவங்க படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்கணும்னு பாண்டு போடுங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாங்க, ஏற்கனவே அங்கதானே இருக்காங்க. கூடவே தொழிற்கல்வி நர்சிங் குரூப் பொண்ணுங்களுக்கு இயற்பியலும் வேதியியலும் கூடுதல் பாடமா எழுத வழி செய்யுங்க.

2022 ஜனவரில ஒரே நாள்ல 11 புது அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க, மொத்தம் 1450 இடம். அதுல ஒண்ணு நம்ம திருவள்ளூர்ல. செவ்வாப்பேட்டைல இருந்து ரயில்ல ரெண்டாவது ஸ்டேஷன். அந்த ஜி.ஹெச்.ல நைட் ஷிப்ட் பாக்குற நர்ஸ் அக்காவுக்கும் பக்கத்துல இருக்குற லெக்சர் ஹாலுக்கும் நடுவுல அம்பது அடி கூட இருக்காது.

இந்தக் கோரிக்கையை மனுவா தயார் பண்ணிட்டு இருக்கோம். உங்க வீட்ல, தெருவுல, நர்ஸாவோ 108லயோ லேப்லயோ தன்னார்வலராவோ இருந்துக்கிட்டு இன்னும் எம்.பி.பி.எஸ். ஆசையோட இருக்குறவங்க இருந்தா, எத்தனை வருஷம் என்ன வேலைன்னு மட்டும் நம்ம பக்கத்தோட இன்பாக்ஸ்ல அனுப்பச் சொல்லுங்க. பேர், போன் நம்பர் பொதுவுல போட வேண்டாம். குடும்ப குரூப்ல அந்த மாமாவுக்கும் இதை ஃபார்வர்டு பண்ணிடுங்க.

#நீட்டை_ரத்துசெய் #சேவைக்கும்_இடம்வேண்டும்