ஜப்பானிய வாளும் உப்புத்தாளும்

1945-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் சரணடைந்த ஜப்பானியப் படையதிகாரிகள் தம் இடைவாள்களைக் கழற்றி ஒப்படைத்தனர். அவற்றைப் பெற்றுக்கொண்ட படைகளில் இந்தியரும் இருந்தமையால், அவ்வாள்களுட் சில இந்நாட்டிற்கும் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை போர்க்காலத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. எனினும், தம் குலத்தில் வழிவழி வந்த பழைய அலகைப் படைத்துறைப் பிடியில் பொருத்தி எடுத்துச் சென்ற அதிகாரிகளும் உண்டு. ஆதலின், துருவேறிக் கிடக்கும் ஒரு வாளை மேலோட்டமாகப் பார்த்து, அது இருபதாம் நூற்றாண்டினதா, ஐந்நூறு ஆண்டு மூத்ததா என்று கூறிவிட இயலாது. அதைக் கூறவல்ல சான்று பிடிக்குள் மறைந்திருக்கிறது. ஆர்வமிக்கவர் கையில் முதலில் அழிவதும் அச்சான்றே.

பிடியை அலகோடு பிணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணி. அதனைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று, அலகின் அடித்தண்டு வெளிப்படும். கொல்லன் தன் பெயரைப் பொறிக்கும் இடம் அதுவே. பெயர் இல்லாவிடினும், அரம் இழைத்த கோடுகளின் சாய்வும், ஆணித்துளைகளின் எண்ணிக்கையும், எல்லாவற்றிற்கும் மேலாகத் துருவின் நிறமும் செய்தி கூறும். பல நூற்றாண்டுகள் கடந்த தண்டின் துரு கருமையாகவும் இறுகியும் இருக்கும்; புதிய துரு செம்மையாகப் பொடியும். நெடுவாளாகப் பிறந்து, பிற்காலத்தில் அடிப்புறம் வெட்டிக் குறுக்கப்பட்ட வாள்கள் பல. அவற்றில் பெயர் போயிருக்கலாம். ஆனால் கூடுதல் துளை அவ்வரலாற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயுத பூசையன்று கருவிகளைத் துலக்கிப் பொட்டிடும் நாட்டில், துருவை விட்டுவையுங்கள் என்பது சோம்பலுக்குப் பரிந்து பேசுவதாகத் தோன்றலாம். ஆயினும் உப்புத்தாள் கொண்டு அத்தண்டைத் தேய்ப்பவர் கால்மணி நேரத்தில் அழிப்பது ஒரு சாசனத்தை என்பதை மறத்தலாகாது.

அலகின் நிலை வேறு. அங்கே துரு பகையேதான். எனினும் அதை நீக்கும் முன், அலகு செய்யப்பட்ட முறையை அறிதல் வேண்டும். இரும்பு மணலைக் கரியோடு உலையிலிட்டு எடுத்த எஃகைப் பலமுறை மடித்துத் தட்டி அலகாக்கிய பின், கொல்லன் அதன் முதுகில் தடிப்பாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கிறான். வாய்ப்புறம் விரைந்து குளிர்ந்து, மார்ட்டென்சைட்டு என்னும் மிகக் கடிய அமைப்பைப் பெறுகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து, அடியைத் தாங்கும் மென்மையோடு நிற்கிறது. இவ்விரண்டின் எல்லையே வாய் நெடுகத் தோன்றும் வெண்ணிறக் கோலம். சாணைச் சக்கரத்தில் எழும் சூடு இக்கடினத்தைக் குலைத்துவிடும். தீயில் சிக்கிய அலகை மீண்டும் காய்ச்சித் தோய்த்தால் கோலம் திரும்பும். ஆனால் அது முதற் கொல்லனுடைய கோலம் அன்று.

மெருகிடுதல் ஜப்பானில் ஒரு தனித்தொழில். கரடான கல்லில் தொடங்கி, விரல்நுனியில் வைத்துத் தேய்க்கும் மெல்லிய கற்சீவல் வரை அது படிப்படியாகச் செல்லும். திறமையான கையிலும் ஒவ்வொரு மெருகுக்கும் சிறிது எஃகு குறையவே செய்யும். பல அலகுகளில் கடிய எஃகு மேற்போர்வையே. அது தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு திட்டுத்திட்டாகத் தெரியும். வாயில் விழுந்த சிறு பொக்கையை மெருகாளர் நீக்கக்கூடும். வாய்க்குக் குறுக்காக மயிரிழைபோல் ஓடும் வெடிப்பை நீக்க வழியே இல்லை. அத்தகைய வாளுக்குப் பொருள் செலவிடுதல் வீண்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை சிலவே. தண்டின் இருபுறத்தையும் சாய்ந்த ஒளியில் படம் எடுக்கலாம். நுனியிலிருந்து, அலகு தண்டோடு சேருமிடத்தில் முதுகில் உள்ள வெட்டு வரை நேர்கோட்டில் அளக்கலாம், 60.6 செ.மீ.க்கு மேற்பட்டது நெடுவாள், அதற்குக் குறைந்தது குறுவாள். அலகை விரலால் தொடலாகாது. வியர்வையின் உப்பு புதுத் துருவுக்கு வித்தாகும். அலகுக்கு மெல்லிய எண்ணெய் தடவி வைத்தால், மெருகாளர் பார்க்கும்வரை அது காக்கும். தண்டுக்கு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பே போதும்.