ஸ்பான்சர் கையொப்பம் விற்பனைக்கன்று

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்தாலும், வேலை முடிந்தால் பெரும்பாலோர் பெட்டியைக் கட்டித் திரும்ப வேண்டியதுதான். எனவே, குடும்பத்தோடு நிலையாக வாழ வழிவிடும் ஆஸ்திரேலியாவை நோக்கி நம் சமுதாய இளைஞர்களின் பார்வை திரும்புகிறது. அதில் தவறேதும் இல்லை. ஆயினும், அந்த வழியில் நடைபெறும் ஒரு வணிகத்தைக் கண்டும் காணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 494 என்னும் விசா, திறன்மிகு தொழிலாளரைப் பெருநகரங்களுக்கு வெளியே குடியமர்த்துவதற்கானது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலான பகுதிகளில் இயங்கும் முதலாளி ஒருவர் தொழிலாளரை முன்மொழிய வேண்டும். விசாவின் காலம் ஐந்து ஆண்டுகள். மூன்று ஆண்டுகள் நிபந்தனைகளைப் பேணியவர், 191 என்னும் விசாவின் மூலம் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த ஆண்டுகளில் வீடு, பிள்ளைகளின் படிப்பு, எதிர்காலம் அனைத்தும் ஒரு முதலாளியின் கையொப்பத்தில் தொங்குகின்றன. இந்த அச்சத்தைத்தான் சிலர் விலை பேசுகின்றனர். முன்மொழிவதற்கே பணம் கேட்போர் உண்டு. வங்கியில் முழுச் சம்பளத்தையும் செலுத்திவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பப் பெறுவோரும் உண்டு. ஊரில் நகையை விற்று அதைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

"வேறு வழி என்ன?" என்று அவர்கள் கேட்கலாம். 2015 டிசம்பர் முதல், ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் பெறுவதும் அங்கே குற்றம். கொடுப்பவருக்கும் அபராதம் உண்டு; விசாவே ரத்தாகலாம். முகவர் தாம் செய்த பணிக்கு வாங்கும் நியாயமான கட்டணம் வேறு. கையொப்பத்திற்கான விலை வேறு. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒருசேரக் கண்டித்ததை அறிந்த நாம், இதற்குச் "செலவு" என்று பெயர் சூட்டித் தப்பிக்க முடியாது. பணம் கொடுத்தவர், பிறகு தமக்கு நேரும் அநீதியை எடுத்துச் சொல்லவும் வாயற்றவராகிவிடுகிறார்.

வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. 2024 ஜூலை முதல், வேலையை விட்டவர் புதிய ஸ்பான்சரைத் தேட ஒரு முறைக்கு 180 நாள்கள் வரையும், விசாக் காலம் முழுவதிலும் மொத்தம் 365 நாள்கள் வரையும் அவகாசம் உண்டு. மாநில அரசு முன்மொழியும் 491 விசாவில், தனியொரு முதலாளியைச் சார்ந்திருக்கத் தேவையில்லை.

அங்கே தொழில் நடத்தும் நம் சகோதரர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: உங்கள் கையொப்பம் ஓர் அமானிதம், அதை விற்காதீர்கள். புறப்படத் துடிக்கும் இளைஞர்களே, ஹலாலான வாழ்வைத் தேடிச் செல்லும் பயணத்தின் முதல் அடியையே ஹராமில் வைக்காதீர்கள்.