வட்டம் இல்லை... வாசல்!

காணும் பொங்கல் அன்னிக்கு விருதுநகர்ல எந்த டீக்கடையில நின்னாலும் டி.வி.யில அலங்காநல்லூர்தான் ஓடும். அப்ப பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்ட், "இதுவும் ஸ்பெயின்காரன் விளையாட்டு மாதிரிதானே மாப்ள?"ன்னு கேட்டா, என்ன பதில் சொல்வீங்க?

ஸ்பெயின்ல ரோண்டான்னு ஒரு ஊர். அங்கே 1785-ல திறந்த காளை அரங்கம் இன்னைக்கும் இருக்கு. நடுவுல 66 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம், சுத்தி கல்தூண் வெச்ச இரண்டடுக்கு கேலரி. உள்ளே வர்ற காளைக்குத் தப்பிக்க வழியில்லை. கடைசியில வாள்தான். பெரும்பாலும் காளை உயிரோட திரும்பாது.

நம்மகிட்ட இருக்கிறது வட்டம் இல்லை பாஸ், வாசல்! வாடிவாசல்ல முதல்ல வர்றது கோயில் காளை. அதை யாரும் தொட மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வரும். திமிலைத்தான் பிடிக்கணும், கொம்பு, வால் பக்கம் கை போகக் கூடாது. மூணு துள்ளல் தாக்குப்பிடிச்சா வீரர் ஜெயிச்சார். இல்லைன்னா மாடு ஜெயிச்சது! நேரா ஓடி, மாட்டுக்காரங்க காத்திருக்கிற இடத்துக்குப் போயிடும். பிடிபடாத காளைக்குத்தான் ஊர்ல மவுசு அதிகம்.

முல்லைக்கலி பாடின இந்த ஏறு தழுவுதலை, 2014 மே 7-ல சுப்ரீம் கோர்ட் தடை பண்ணுச்சு. 2017 ஜனவரியில அலங்காநல்லூர், தமுக்கம், மெரினான்னு ஸ்டூடன்ட்ஸ் உட்கார்ந்தாங்க. நீங்க அப்ப ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்திருப்பீங்க. ஜனவரி 23-ல சட்டம் வந்துச்சு. 2023 மே 18-ல ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'சட்டம் செல்லும்'னு சொல்லிடுச்சு. 2024 ஜனவரியில பக்கத்துக் கீழக்கரையில பெரிய அரங்கமே திறந்தாச்சு.

ஆனா, அரங்கம் இருந்தா மட்டும் ஆட்டம் நடந்துடாது. பார்சிலோனாவுல மோனுமென்டல்னு பிரமாண்டமான காளை அரங்கம் இருக்கு. 2010-ல கட்டலோனியா தடை போட்டுச்சு. 2011 செப்டம்பர்ல கடைசி ஆட்டம். 2016-ல அந்தத் தடையைக் கோர்ட்டே ரத்து பண்ணியும் அங்கே ஒரு காளைகூட இறங்கலை. அந்த ஊர் ஜனங்க மனசு விலகிடுச்சு, அவ்வளவுதான்.

நம்ம வாசலுக்கு அந்த நிலைமை வரணுமா? ஜல்லிக்கட்டுல உயிர்கள் போய்க்கிட்டுத்தான் இருக்கு. அதுல மாடு பிடிக்க இறங்கினவங்க மட்டுமில்ல, மாடு வெளியேறுற பாதையில சும்மா வேடிக்கை பார்த்தவங்களும் உண்டு. சின்ன அலட்சியம் ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு பட்டாசு ஆலைகளுக்கு நடுவுல வளர்ந்த நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

அதனால அடுத்த பொங்கலுக்குப் போறீங்களா? தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. செல்ஃபிக்காக உள்ளே குதிக்கிற ஃப்ரெண்டோட சட்டையைப் பிடிச்சு இழுங்க. மாட்டுக்குச் சாராயம் ஊத்துறவனையும் வாலை முறுக்குறவனையும் தட்டிக் கேளுங்க. போராடித் திறந்த வாசல் இது. மூடாமப் பார்த்துக்கிறதும் நம்ம வேலைதான்.

என்ன மாப்ள, சரிதானே?