மின்-சிகரெட் ஆவியும் மூளையின் பாதுகாப்பு அரணும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளில் ஏராளமான இளைஞர்கள் ஷிப்ட் முறையில் பணிபுரிகின்றனர். புகையிலையை எரிக்காததால் மின்-சிகரெட் தீங்கற்றது என்று உங்களிடம் யாரேனும் கூறியிருக்கலாம். மூளையைப் பொறுத்தவரை அக்கூற்று சரியன்று.

இரத்த-மூளைத் தடுப்பு என்றால் என்ன?

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்கள் இடைவெளியின்றிப் புரதங்களால் பிணைக்கப்பட்டுள்ளன. இவ்வரண் குளுக்கோஸ் போன்ற தேவையான பொருள்களை மூளைக்குள் அனுமதித்து, நச்சுகளையும் கிருமிகளையும் பெருமளவு தடுக்கிறது.

ஆவி என்ன செய்கிறது?

உள்ளிழுத்த நிகோட்டின் சில நொடிகளிலேயே இவ்வரணைக் கடந்து மூளையை அடைகிறது. திரவம் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற சேர்மங்கள் உருவாகின்றன. சூடேற்றும் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியில் கலக்கக்கூடும்.

மின்-சிகரெட் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்த எலிகளில், செல்களைப் பிணைக்கும் புரதம் குறைந்து அரண் தளர்ந்ததும், மூளையில் அழற்சி ஏற்பட்டதும் ஆய்வுகளில் காணப்பட்டன. குளுக்கோஸைக் கடத்தும் புரதமும் குறைந்தது. பக்கவாதம் ஏற்படுத்தப்பட்ட எலிகளில் மூளைச் சேதம் மிகுந்தது. இவை விலங்குகளில் கண்ட முடிவுகளே. எனினும், மனித மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்வதால், இளம் தொழிலாளர்கள் இவற்றைப் புறக்கணிக்கலாகாது. மேலும், இரவுப் பணியில் விழித்திருக்க நிகோட்டினை நாடினால் பகல் உறக்கம் கெடும்.

சட்டம் கூறுவது

தமிழ்நாடு அரசு 2018-இல் மின்-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்கிறது. முதல் முறை குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இருப்பு வைத்திருப்பதும் தண்டனைக்குரியது. ஆகவே, கள்ளத்தனமாகக் கிடைக்கும் கருவி எந்தத் தரச் சோதனைக்கும் உட்பட்டதன்று; அதன் திரவத்தில் உள்ளவற்றை உறையைப் பார்த்து நம்ப இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மின்-சிகரெட்டைத் தொடங்காதீர்கள்; சிகரெட்டை விடுவதற்கான வழியாகவும் கொள்ளாதீர்கள்.
• பழக்கத்தைக் கைவிட 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம்.
• நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சல், தலைவலி, உறக்கமின்மை ஏற்படலாம். இவை படிப்படியாகக் குறையும்.
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள்.