'இல்லை' என்று சட்டெனச் சொல்லும் கணினி

சம்பளச் சீட்டில் இபிஎஃப் பிடித்தம் தப்பாக வந்தால் நம் வீடுகளில் என்ன கூத்து நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் தொழிலாளர் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆனது. 2021 ஜனவரியில் 9. 2022 ஜூலையில் மறுபடி 11. விரும்பியவர்கள் இடையிலும் 11-லேயே இருக்கலாம் என்பது தனித் தலைவலி. ஒவ்வொரு முறையும் சம்பள மென்பொருளில் யாரோ ஒரு கோப்பைத் திருத்தியிருப்பார். யார், எப்போது? தப்பைப் பிடிக்க அந்தக் கோப்பின் வரலாறு வேண்டும்.

அந்தப் பக்கம்தான் திறக்க மாட்டேன் என்கிறது. "ஹிஸ்டரிய அழுத்திட்டு பங்கோருக்கு ஃபெரி பிடிச்சுப் போய்ட்டு வந்துடலாம்க்கா" என்கிறான், லூமுட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் சித்தி மகன்.

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்', கோப்புக்கென்று தனி வரலாறு வைப்பதில்லை. தோட்டத்தில் தினமும் பெரட்டுக்களத்தில் ஒரு குரூப் போட்டோ எடுத்து அடுக்கியது போல, ஒவ்வொரு கமிட்டிலும் மொத்தத் திட்டத்தையும் பதிகிறது. பாட்டி எந்த நாளில் புதுச் சேலை கட்டினார் என்று கேட்டால், இன்றைய படத்தை நேற்றையதோடு ஒப்பிட்டு, அப்படியே பின்னோக்கிப் போக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 2020-லேயே பத்து லட்சம் கமிட் தாண்டிவிட்டது!

மருந்து பழசு. 1970-ல் பர்ட்டன் புளூம் சொன்ன வடிகட்டி. அது 2020 ஜூனில் கிட் 2.27-இல் இந்த வேலைக்கு வந்தது. படத்தின் பின்புறம், அன்று மாறிய ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் கணக்குப் போட்டு ஏழு புள்ளிகள் வைத்துவிடுகிறது. தேடும்போது அந்த ஏழில் ஒன்று காலியாக இருந்தாலும் 'இல்லை', நிச்சயமாக இல்லை. படத்தைத் திறக்காமலே தாண்டலாம். ஏழும் இருந்தால் 'இருக்கலாம்'. அப்போது மட்டும் திறந்து பார்க்கும். நூற்றில் ஏறக்குறைய ஒன்று வீண் 'இருக்கலாம்'. வேலைதான் வீண், விடை தப்பாகாது.

ஒரே கமிட்டில் 512-க்கு மேல் மாறினால் புள்ளியே வைக்காது. தீபாவளியன்று எல்லாருக்கும் புதுத்துணி, எதைக் குறிப்பது?

கிட்டைப் புதுப்பித்தால் மட்டும் இது வந்துவிடாது. சர்வரில் 'கமிட்-கிராஃப்' எழுதும்போது 'சேஞ்ச்ட்-பாத்ஸ்' என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை நேரம் பிடிக்கும், ராத்திரியில் ஓடவிடட்டும்.